பெயிண்டர் புகையை விட்ட கதை

— அதுக்கு நான் சொன்னேன், பாய்லரண்ணன் ஒரு நாளைக்கு ஆறு தடவை வெளியே போறாரு, அவரை ஒருத்தரும் கேட்கறதில்ல, நான் ஒரே ஒரு தடவை போனா மட்டும் குத்தமான்னு.

— என்னை எதுக்கும்மா நடுவுல இழுக்கற?

— கேளுங்க கதைய. சூப்பர்வைசர் சொல்றாரு, அவர் தம் அடிக்கப் போறாரு, நீ எதுக்குப் போறன்னு.

— என்னத்த சொல்றது. அவர் கேட்டதும் நியாயம்தானே.

— என்ன நியாயம்? காலைல ஆறு மணிலேர்ந்து இந்தச் சலவைக்கூடத்துல நின்ன நிலையில போர்வை மடிக்கிறேன். ஆஸ்பத்திரில எத்தனை கட்டில் இருக்கோ அத்தனையும் என் கை வழியாத்தான் போகுது. உள்ள உங்க பாய்லர் ஆவி. தம் அடிக்கறவங்களுக்குத்தான் மூச்சு விட நேரம்னா, மத்தவங்க மூச்சே விட வேணாமா?

— சரி, நீ என்னதான் சொன்ன அவர்கிட்ட?

— நானும் தம் அடிக்கத்தான் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— அடிப்பாவி! மனுஷன் மயக்கம் போட்டு விழலையா?

— வாயைத் திறந்தவர் மூடவே இல்ல. அதனால இனிமே தினம் இந்த நேரத்துக்கு இங்கதான் நிப்பேன். நீங்க புகை விடுங்க, நான் மூச்சு விடறேன்.

— நில்லு, நில்லு. அந்த உடைஞ்ச தள்ளுவண்டி மேல உட்காரு. சக்கரம் இல்ல, எங்கயும் ஓடாது. தீப்பெட்டிய எங்க வச்சேன்...

— அதென்ன, கால்ல கட்டு? செருப்பு நுனிய வேற வெட்டி வச்சிருக்கீங்க.

— ஒண்ணும் இல்லம்மா. பெருவிரல் கறுத்துப் போச்சு. கொஞ்சம் புண்ணு.

— எதுல இடிச்சீங்க?

— எதுலயும் இடிக்கல. உள்ள ரத்தம் ஓடற குழாய் சுருங்கிப் போச்சாம். இங்கயே மேல போய்க் காட்டினேன். சின்ன வயசு டாக்டர். சிகரெட்டா காலா, ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்கன்னாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— யோசிச்சுச் சொல்றேன்னேன்.

— இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு?

— முப்பது வருஷ சிநேகிதம்மா. உனக்குப் புரியாது.

— காலும் நாப்பத்தெட்டு வருஷமா கூடத்தானே வருது? அதுகிட்ட சிநேகிதம் இல்லையா?

— என்னத்த சொல்றது. மூணு தடவை விட்டுப் பார்த்தேன். ஒரு வாரம், பத்து நாள். அப்புறம் பழைய குருடிதான்... பாரு, நாள் முழுக்க அந்தப் பாய்லர் முள்ளைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். அழுத்தம் ஏறினா திட்டு, இறங்கினா திட்டு. வீட்டுக்குப் போனா அங்க ஒரு அழுத்தம். எனக்குன்னு இருக்கறது இந்த அஞ்சு நிமிஷம்தான். அதையும் எடுத்துட்டா நான் எதுக்கு இருக்கேன்?

— வீட்டுல அண்ணி ஒண்ணும் சொல்றதில்லையா?

— சொல்லிக்கிட்டுதான் இருந்தா. இப்ப நிறுத்திட்டா. அதுதாம்மா பயமா இருக்கு.

— ம். ஒருநாள் உங்களை மேல கொண்டுபோய் படுக்க வைப்பாங்க. உங்க பாய்லர்ல கொதிச்சு, என் கையால மடிச்ச போர்வை மேலதான் அந்தக் காலை எடுப்பாங்க. அதை மறுநாள் நான்தான் மூட்டையிலேர்ந்து பிரிக்கணும்.

— ஏம்மா வாயில நல்லதா எதுவுமே வராதா உனக்கு?

— சரி, நல்லதா ஒண்ணு சொல்றேன். கையில இருக்கறதைப் பத்த வைக்காம அப்படியே வச்சுக்கிட்டு கேளுங்க. எங்க வீட்டுக்காரர் விட்ட கதைய சொல்றேன்.

— உன் வீட்டுக்காரரா? பெயிண்டர்னு சொன்னியே, அவரா?

— அவரேதான். ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட். ஏணி மேல நின்னா ஒரு கையில பிரஷ், ஒரு கையில சிகரெட். பெயிண்ட் சொட்டினாலும் சொட்டும், சாம்பல் சொட்டாது. அப்பேர்ப்பட்ட ஆளு விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு.

— நிஜமாவா? எப்படிம்மா? மாத்திரையா?

— மாத்திரையுமில்ல, மந்திரமுமில்ல. விடறேன்னு அவர் சொல்லவே இல்ல. ஒருநாள் எடுத்தாரு. நான் எதையோ பேசிக்கிட்டிருந்தேன். சரி, அப்புறம் குடிச்சுக்கறேன்னு பையில வச்சாரு. கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தாரு, மறுபடி நான் பேசினேன். மறுபடி அப்புறம்னாரு. அப்புறம், அப்புறம்னே ரெண்டு வருஷம் ஓடிப் போச்சு.

— அவ்வளவு பேசினியா?

— எனக்குப் பேச்சுக்கா பஞ்சம்? எதையாவது பேசறதுதான். பக்கத்து வீட்டுச் சண்டை, மழை, பஸ்ல எவளோ என் கால மிதிச்சது. அந்த ஆசை இருக்கே, அது ரொம்ப நேரம் நிக்காதாம்ண்ணே. வந்து கதவைத் தட்டும், யாரும் திறக்கலேன்னா போயிடும். ஒரு கதை முடியறதுக்குள்ள போயிடும்.

— கேட்க நல்லாத்தான் இருக்கு.

— மணி அடிச்சுட்டாங்க. நான் போறேன்.

— இரு இரு. அய்யய்யோ, இதை நான் பத்தவே வைக்கலையே!

— அப்புறம் குடிச்சுக்கலாம்ண்ணே.

*

— பேசாதம்மா. இன்னிக்கு எங்கிட்ட பேசாத.

— சரி, பேசல.

— மூணு நாளாச்சு. தலைக்குள்ள எறும்பு ஊருது. வீட்டுல விளக்கைப் போட்டா கோவம், அணைச்சா கோவம். காலைல பல்லு விளக்கறப்ப கண்ணாடியப் பார்த்து நானே என்னை முறைச்சேன். விட்டா இருமல் நிக்கும்னு பார்த்தா, விட்டப்புறம்தான் அதிகமா வருது. என்ன கணக்கு இது? சொல்லேன், வாயில என்ன கொழுக்கட்டையா?

— பேசாதன்னு நீங்கதானே சொன்னீங்க.

— நான் சொன்னா உடனே கேட்டுடுவியா?

— அவருக்கும் இப்படித்தான்ண்ணே. மூணாம் நாள்தான் ரொம்ப மோசம். இருமல் வர்றது நல்லதுன்னு மேல நர்ஸம்மா சொன்னாங்க. அடைச்சுக் கிடந்ததெல்லாம் வெளியே வருதாம். ஆமா, உங்களுக்கு எந்த நேரத்துலண்ணே ரொம்ப கஷ்டமா இருக்கு?

— சாப்பிட்டு எழுந்ததும். கை தானாப் பைக்குப் போகுது. பையில ஒண்ணும் இல்ல, ஆனா கை போகுது.

— அப்ப என்ன பண்ணினீங்க?

— என்ன பண்ண? தட்டைக் கழுவினேன். என் தட்டை மட்டுமில்ல, எல்லாத்தையும். அவ வந்து பார்த்துட்டு, என்ன புதுசா இருக்குன்னா. ஒண்ணுமில்ல, போன்னு கத்திட்டேன்.

— தட்டைக் கழுவினீங்களா? தண்ணில கை நனைஞ்சா ஆசை போகுதா?

— போகுதுன்னு சொல்ல முடியாது. ஈரக் கையால எதையும் பத்த வைக்க முடியாது இல்ல?

— அட! இது நல்லா இருக்கே. தூக்கம்?

— வந்தாத்தானே. உன் வீட்டுக்காரர் எப்படித் தூங்கினாரு?

— அவரா... அது ரெண்டு வருஷம் ஆச்சே, மறந்து போச்சு. நீங்க சொல்லுங்க, எத்தனை மணிக்கு முழிப்பு வருது? எழுந்து என்ன பண்றீங்க?

— ஏம்மா, டாக்டர் கூட இவ்வளவு கேட்கல.

— டாக்டருக்கு ஆயிரம் வேலை. எனக்குப் போர்வை மடிக்கறது ஒண்ணுதானே. சொல்லுங்க.

— சும்மாப் படுத்துக்கிட்டு சுவத்தைப் பார்ப்பேன். நேத்து அவளும் முழிச்சுக்கிட்டாப்புல தெரிஞ்சது. ரெண்டு பேரும் தூங்கற மாதிரி நடிச்சோம்.

— அண்ணிகிட்ட சொன்னீங்களா, விட்டுட்டேன்னு?

— சொல்லல. மூணு தடவை சொல்லி மூணு தடவையும் மூஞ்சில கரி. நாலாம் தடவை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?

— விட்டுட்டேன்னு சொல்லாதீங்க. இன்னிக்குக் குடிக்கலன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்லையே.

— ம்.

— மணி அடிக்கப் போறாங்க. கோவம் போச்சா?

— போகல. ஆனா மணி அடிக்கறதுக்குள்ள ஒண்ணு குடிக்கணும்னு தோணல.

*

— நீ போய்த் தொலைஞ்சியே நாலு நாள், அதுல வந்த வினைம்மா.

— என்னண்ணே ஆச்சு?

— குடிச்சுட்டேன்.

— ஓ.

— அவ்வளவுதானா? ஓ மட்டும்தானா? திட்டேன். இருபது நாள் பாடுபட்டு, எல்லாம் போச்சு. முள்ளு சிக்கிக்கிச்சு, பாய்லரை அணைச்சுட்டேன். ஆபரேஷன் துணி மலை மாதிரி குமிஞ்சு போச்சு. சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசிட்டாரு. மாசம் தவறாம அந்த முள்ளை மாத்தச் சொன்னது நான். கடைசில நானே குத்தவாளி. வெளியே வந்து நின்னேன். நீ இல்ல. துணி ஏத்த வந்த லாரிக்காரன் நின்னான். ஒண்ணை நீட்டினான். வாங்கிட்டேன்.

— முழுசா குடிச்சீங்களா?

— பாதி. பாதிலயே நெஞ்சைக் கரிச்சுது. கீழ போட்டு மிதிச்சேன். புண்ணு இருக்கற காலாலயே மிதிச்சேன்.

— அதுக்கப்புறம்?

— அப்புறம் இல்ல.

— அப்ப என்ன போச்சு? இருபது நாள்ல அரை சிகரெட். முன்னாடி இருபது நாள்ல எத்தனை?

— என்னைத் தேத்தறதுக்குன்னு பேசாத.

— தேத்தல. சட்டையில கறை பட்டா சட்டையவா தூக்கிப் போடறோம்? நம்ம தொழிலே அதுதானேண்ணே. மறுபடி ஊற வை, மறுபடி அலசு. அவரும் ஒரு தடவை இப்படித்தான்...

— பெயிண்டரா? அவரும் நடுவுல குடிச்சாரா?

— குடிச்சாரு. ஒரு தடவை இல்ல, எத்தனையோ தடவை.

— இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நான் அவரை என்னமோ சாமியார்னு நினைச்சு, நமக்கு அந்தத் திடம் இல்லையேன்னு நாலு நாளா நொந்து சாகறேன்.

— சொல்லியிருக்கணும். தப்புதான்.

— நீ எங்க போன நாலு நாளா? மூஞ்சே சரியில்ல. கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு.

— வீட்டுல கொஞ்சம் உடம்பு சரியில்ல.

— உனக்கா?

— எல்லாருக்கும்தான். அதை விடுங்க. லாரிக்காரர் மறுபடி நீட்டினா என்ன சொல்வீங்க?

— என்ன சொல்ல? அவன் விடமாட்டான். சும்மா ஒண்ணு, சும்மா ஒண்ணும்பான்.

— இப்ப நான்தான் லாரிக்காரர். இந்தாங்க, ஒண்ணு பிடிங்க தலைவா, சும்மா ஒண்ணு.

— போம்மா.

— அய்ய, பொம்பளை மாதிரி வெட்கப்படறீங்க, பிடிங்க.

— டேய், எனக்குக் கால் போகப் போகுதுடா! அதை நீ வந்து ஒட்ட வைப்பியா?

— இதேதான்ண்ணே. இதையே சொல்லுங்க. இதே சத்தத்துல.

*

— அவ நேத்து பேசினாம்மா.

— யாரு, அண்ணியா?

— ஆமா. நாப்பது நாளா தினம் ராத்திரி சாப்பிடறப்ப சொல்லிக்கிட்டிருந்தேன், இன்னிக்குக் குடிக்கலன்னு. பதிலே வராது. நேத்து நான் சொல்ல மறந்துட்டேன். அவளே கேட்டா. இன்னிக்கு?ன்னு. அவ்வளவுதான். ஒரே வார்த்தை.

— நீங்க என்ன சொன்னீங்க?

— குடிக்கலன்னேன். உடனே எழுந்து தட்டைக் கழுவப் போயிட்டேன். சரி விடு. டாக்டரும் பார்த்தாரு. புண்ணு காயுதாம். விரல் போகுமா, விரலும் நிக்குமான்னு இன்னும் தெரியலயாம். ஆனா காலுக்கு இப்போதைக்கு பயமில்லன்னாரு.

— அண்ணே...

— ஏன் அழற? நல்ல சேதிதானே சொன்னேன்.

— அழல. ஆவி கண்ணுல பட்டுடுச்சு.

— வெளில ஏது ஆவி? இந்தா பாரு, இந்த ஞாயித்துக்கிழமை நான் உங்க வீட்டுக்கு வரேன்.

— எதுக்கு?

— உங்க வீட்டுக்காரரைப் பார்க்கணும். ஒரு நன்றி சொல்லணும். முகமே பார்த்ததில்ல, ஆனா அவரை நினைச்சுத்தான் நாப்பது நாள் ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும், பெயிண்டர் தாண்டினாரே, நமக்கென்னன்னு.

— அவர்... வெளில வேலை. ஞாயித்துக்கிழமையும் இருக்க மாட்டாரு.

— அடுத்த ஞாயிறு?

— அப்பவும் வேலைதான். வேணாம்ண்ணே. வீடு ரொம்ப சின்னது.

— வீட்டையா பார்க்க வரேன்? உனக்கு என்னம்மா ஆச்சு? கொஞ்ச நாளா நீ சிரிக்கறதே இல்ல.

— பேசிப் பேசி வாய் வலிக்குதுண்ணே. வேற ஒண்ணுமில்ல.

— எங்கிட்ட பத்து நிமிஷம் பேசறதுக்கா வாய் வலிக்குது?

— உங்ககிட்ட மட்டுமா பேசறேன்? மணி அடிச்சுட்டாங்க, வரேன்.

*

— ஏங்க, ஒரு நிமிஷம். கால்ல கட்டோட வர்றீங்களே... நீங்கதானே பாய்லர் பார்க்கறவரு?

— ஆமா. நீங்க யாரு? சலவைப் பக்கம் வெளி ஆளுங்க வரக்கூடாதே.

— வாசல்காரர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். மடிப்பு டேபிள்ல நிக்கறாங்களே, அவங்க வீட்டுக்காரன். பெயிண்டர். ரெண்டு மணிக்கு வேலை முடியும்னு சொன்னா, அதான்...

— அடடா! உங்களையா? உங்களைப் பார்க்கணும்னு நான்... இருங்க, மெதுவா. என்ன இப்படி இருமுறீங்க? இந்தத் தள்ளுவண்டி மேல உட்காருங்க.

— நடந்து வந்தேன்ல, அதான். புரியுதுங்களா. இப்ப பரவாயில்ல. நான் வந்தது அவளுக்குத் தெரியாது. உங்களைத்தான் பார்க்க வந்தேன். கையைக் குடுங்க முதல்ல.

— எதுக்குங்க? நான்தான் உங்க கையைப் பிடிக்கணும்.

— நல்லா இருக்கே. நீங்க எதுக்குப் பிடிக்கணும்? நீங்க இல்லேன்னா நான் பன்னெண்டு நாள் தாண்டியிருக்க மாட்டேன்.

— பன்னெண்டு நாளா? எது பன்னெண்டு நாள்?

— சிகரெட்டை விட்டு. இன்னிக்குப் பன்னெண்டாவது நாள்.

— பன்னெண்டே நாளா?

— சிரிக்காதீங்க. ரெண்டு வருஷம் தாண்டினவருக்குப் பன்னெண்டு நாள் சின்னதாத்தான் தெரியும்.

— ரெண்டு வருஷமா? யாரு... நானா?

— அவதான் தினம் சொல்வாளே. வேலைலேர்ந்து வந்து உட்கார்ந்ததும் உங்க கதைதான். எங்க பாய்லரண்ணன் முப்பது வருஷம் ஊதினவரு, விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு. மூணாம் நாள் நீங்க சூப்பர்வைசரையே அடிக்கக் கை ஓங்கிட்டீங்களாமே?

— அப்படியா சொன்னா?

— எனக்கு அதைக் கேட்டுத்தான் ஆறுதல். நானும் என் மூணாம் நாள் அவ மேல தண்ணிச் சொம்பை வீசிட்டேன். அவ குனிஞ்சுக்கிட்டா. குனிஞ்சவ எழுந்து, பாய்லரண்ணனுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம், நாளைக்குச் சரியாயிடும்னா. புரியுதுங்களா? திட்டவே இல்ல.

— எனக்கு... கொஞ்சம் நானும் உட்கார்ந்துக்கறேன். கால் வலிக்குது.

— உட்காருங்க. நான் மட்டும் என்னவாம். போன மாசம் இருமறப்ப ரத்தம் வந்துடுச்சு. நாலு நாள் வேலைக்கு லீவு போட்டு அவதான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்துக்கிட்டு அலைஞ்சா. இங்க கொண்டுவரல. தெரிஞ்சவங்க இருக்காங்க, வேணாம்னுட்டா.

— அந்த நாலு நாள்...

— அப்பவும் நான் விடல. ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னு ஊதினேன். அவ்வளவு கேவலமான ஆளு நான். பதினாறு வயசுலேர்ந்து இதுதான். எத்தனையோ தடவை விட்டேன், எத்தனையோ தடவை தொட்டேன். அவ மட்டும் அலுக்காம, பாய்லரண்ணன் இன்னிக்கு இதைச் சொன்னாரு, அதைச் சொன்னாருன்னு... ஒருநாள் கேட்டுக்கிட்டே இருந்தேன், தூங்கிப் போயிட்டேன். கையில சிகரெட் அப்படியே இருக்கு, பத்த வைக்காம. அன்னிக்குத்தான் முதல் நாள்.

— என்னங்க! நீங்க இங்க என்ன பண்றீங்க?

— வந்துட்டாளா. இல்ல, சும்மா, அண்ணனைப் பார்க்கலாம்னு...

— யார் உங்களை இவ்வளவு தூரம் நடக்கச் சொன்னது? எழுந்திருங்க. பஸ் போயிடும். அண்ணே, அவர் ஏதாவது... என்ன பேசிக்கிட்டிருந்தீங்க ரெண்டு பேரும்?

— உட்காரும்மா. எல்லாம் பேசியாச்சு.

— எல்லாமுமா?

— எல்லாமும்தான்.

— அண்ணே, நான் வந்து... அது எப்படின்னா...

— இவ என்ன உளர்றா? நீ சும்மா இரு. அண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கணும்னுதான் வந்தேன். கேட்டுட்டு வரேன்.

— வீட்டுல போய் எங்கிட்ட கேளுங்களேன்.

— உனக்கு என்ன தெரியும், நீயா குடிச்ச? அண்ணே, ஒளிக்காம சொல்லுங்க. என் சட்டைப் பையில ஒண்ணு இருக்கு. காலைல வாங்கினேன், இன்னும் பத்த வைக்கல. மூச்சு விடற ஒவ்வொரு நிமிஷமும் அது கூப்பிடுது. இந்த ஆசை ஒருநாளாவது போகுமா? இல்ல, சாகற வரைக்கும் இப்படியே பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் கிடக்கணுமா? அப்படித்தான்னா சொல்லிடுங்க, நான் இப்பவே பத்த வச்சுடறேன். என்னால முடியல. புரியுதுங்களா? முடியல.

— என்னங்க, வேணாம், வாங்க போகலாம்.

— நீ கையை விடு. சொல்லுங்கண்ணே. நீங்க ரெண்டு வருஷம் தாண்டினவரு. போகுமா?

— போகும்ங்க. எனக்குத் தெரிஞ்ச பெயிண்டர் ஒருத்தர் இருக்காரு, அவர் தாண்டினதைக் கேட்டுக் கேட்டுத்தான் நானே தாண்டினேன்.